விரல் மடக்காத பிள்ளை

பெட்டியை நேற்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். பித்தளைக் கொக்கி போட்ட மரப்பெட்டி. உள்ளே படங்கள், கூழாங்கற்கள், துளையில் பொருத்துகிற மரக்கட்டைகள். எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள். ஏழாம் படத்தில் ஒரு கறை இருப்பதை உங்களில் ஒருத்தி கண்டுபிடித்து, "அக்கா, இதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஏழு வருடம் இந்தப் பெட்டியோடு நடந்தேன். இனி எனக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மேஜை. ஆனால் என் கால்கள் அதை இன்னும் நம்பவில்லை. விடியலில் பாதி விழித்த நிலையில் பாதத்துக்கு அடியில் மணல் சரிகிறது. சில நாள் அது அஞ்சுகிராமம் பக்கத்துத் தேரியின் செம்மணல் மேடு. பெரும்பாலும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல். வெயிலில் மினுங்கும் அந்த மணலில் நடக்கும்போது தரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கனவிலும் அப்படியேதான் இருக்கிறது. பெட்டி மட்டும் கையில் கனக்காது.

என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெருமை பிடித்தவள் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். என் அப்பா பனையேறி. நெற்றியில் வெள்ளை நாமமும் தலையில் துணிக்கட்டுமாக விடியுமுன் பனங்காட்டுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. ஏழு வயதில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து சில படங்களைக் காட்டி என்னிடம் கேள்வி கேட்டார். நான் தயங்காமல் பதில் சொன்னேன். அந்த ஒரு காலைப்பொழுதுதான் என்னைப் பனங்காட்டிலிருந்து விடுதிப் பள்ளிக்கும், அங்கிருந்து கல்லூரிக்கும் கொண்டுபோனது. பிள்ளைகளின் மனம் எந்த வயதில் எப்படி வளர்கிறது என்ற படிப்பை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்தை அப்பா ஒரு காகிதத்தில் வாங்கி மடித்துத் தலைத்துணிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். அதனால் கேள்விகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை. சரியான கேள்வி எந்தப் பிள்ளைக்கும் கதவைத் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் வருடம் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. என் ஊர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளையிடம், "ஒரு ஆளைப் படம் வரைந்து காட்டு" என்றேன். தாள் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதன் உச்சியில் எறும்பு அளவு ஒரு புள்ளி வைத்தான். கூட வந்த பரிசோதகர் பூஜ்யம் போடச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே முழு மதிப்பும் போட்டேன். அந்தப் பிள்ளை பார்த்திருக்கும் ஆள் அப்படித்தான் இருப்பார். என் அப்பாவும் எனக்கு அப்படித்தான் தெரிந்தார். அன்று முழுவதும் என்னைப் போல் கெட்டிக்காரி இல்லை என்ற நினைப்பிலேயே நடந்தேன். அந்தப் படம் எனக்குப் புரிந்ததற்குக் காரணம் பனைதான், படிப்பு அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை.

இனிக் கடற்கரைக்கு வருகிறேன். மகாராஜாவின் உத்தரவால் எங்கள் ஆட்களுக்குக் கோவில் கதவு திறந்ததற்கு முந்தைய வருடம் அது.

சர்க்கார் அமைத்த கமிட்டி எங்கள் விசாரணைக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது. ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளில் யாரைப் பள்ளியில் சேர்க்கலாம், யாருக்கு அதற்கான புத்தி வளரவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை, பெற்றவர் சம்மதத்தோடு, தலைநகரில் மந்த புத்தியுள்ளவர்களுக்கென்று தொடங்கியிருந்த விடுதிக்கு அனுப்பலாம். எங்கள் தலைவி சீமையில் படித்துவிட்டு வந்த ஓர் அம்மாள். எங்களுக்குள் சீமையம்மா என்போம். காதுபடச் சொன்னதில்லை. கண்டிப்பானவர், நேர்மையானவர். கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வருவார்.

எனக்கு ஒதுக்கப்பட்ட கடற்கரைக் குப்பத்தில் நாற்பது பிள்ளைகள். காலை பஸ்ஸில் மணவாளக்குறிச்சியில் இறங்கி, மணலில் நடந்து போய், குருசடி நிழலில் பெட்டியைத் திறப்பேன். குருசடி என்றால் கல்லில் சிலுவை நட்டு மேலே சின்னக் கூரை போட்ட இடம். உச்சி வேளைக்கு முன்னால் மூடிவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பேன். குடை பிடித்து நான் வருவதைப் பார்த்ததும் பெண்கள் கூவுவார்கள்.

"ஏட்டி, பெட்டிக்காரி வாறா. பிள்ளையளுக்க மூக்கத் தொடச்சு விடுங்க."

"மூக்குக்குள்ளயும் கேள்வி கேப்பாளோ?"

நானும் சிரிப்பேன். ஆனால் மரியாதை குறைகிறதே என்று உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும்.

பிள்ளைகள் கட்டைகளை மின்னல் மாதிரிப் பொருத்தினார்கள். கூழாங்கல்லை எடுத்து எத்தனை என்று கேட்டால் மட்டும் விழித்தார்கள். "நெறய" என்றது ஒன்று. "வேண்டியது கெடக்கு" என்றது இன்னொன்று. ஒரு பிள்ளை கல்லைப் பொறுக்கிக் கடல் பக்கம் எறிந்துவிட்டு ஓடியது. எண்ணறிவு இல்லை, எண்ணறிவு இல்லை என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன்.

கடைசியாக வந்தவள் பிரகாசி. ஏழு வயதிருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, அகலமான கண்கள். அவள் அம்மா தெரசம்மாள் பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து ஊரூராக விற்கிறவள். அன்று மகளுக்காகப் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

"உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

பிரகாசி பேசவில்லை. கல்லை வைத்துக் கேட்டேன். விரலைப் பிடித்துக் கேட்டேன். கையை மெல்ல இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு ஏழாம் படத்தை எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், தோணியில் ஐந்து பேர் துடுப்புப் போடும் படம். "இதுல எத்தனை பேரு இருக்காங்க?"

அவள் படத்தைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கையைக் கொண்டுவந்து, விரித்த உள்ளங்கையால் அந்த ஐந்து பேரையும் மூடினாள். சடையில் தடவிய எண்ணெய் கையில் இருந்திருக்க வேண்டும். படத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறைதான் அது.

"படத்தைப் புரிந்துகொள்ளவில்லை. கையால் மறைக்கிறாள். பேச்சும் குறைவு" என்று எழுதினேன். மொத்த மதிப்பைக் கூட்டிப் பார்த்தபோது அது விடுதிக்கு அனுப்ப வேண்டிய இடத்தில் வந்து நின்றது. தெரசம்மாளிடம் சம்மதக் காகிதத்தை நீட்டினேன்.

"இது என்னத்துக்கு வாத்திச்சியம்மா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பிள்ளையைப் பெரிய ஊருல வச்சுப் படிக்க வைப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. மையில் தோய்த்த பெருவிரலை, உடைந்துவிடும் ஒன்றைத் தொடுவது போல அந்தக் காகிதத்தில் வைத்தாள். தங்கைகளே, என் அம்மாவும் விரல்தான் வைப்பாள். அந்த விரல்களை நான் நன்றாக அறிவேன். இருந்தும் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று வாரத்தில் சீமையம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. திங்கள்கிழமை காலை மோட்டாரில் வருகிறேன், பிள்ளையை ஆயத்தமாக வைத்திருக்கவும், மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது, என்று நான்கே வரி. பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டேன். மணவாளக்குறிச்சியில் தெரிந்த ஆசிரியை ஒருத்தியின் வீட்டில் தங்க ஏற்பாடு. அதனால் முதன்முறையாக அந்தக் குப்பத்துக்கு மாலையில் போனேன்.

வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று நின்றேன். வலைகள் காய்ந்தன. கரையேற்றிய கட்டுமரங்கள்மேல் ஆண்கள் படுத்துக் கிடந்தார்கள். கடல் மஞ்சளாக, தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. மணலில் நாலைந்து பெண்கள் நடுவே ஒரு சின்னப் பெண் குந்தியிருந்தாள். முன்னால் சாளை மீன் குவியல். அவள் அதை எடுத்து எட்டு வீட்டுக்கும் கூறு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கூறிலும் மூன்று மூன்றாக வேகமாக வைத்துக்கொண்டே போனாள். வாய் சன்னமாக எண்ணியது. கடைசியில் ஐந்து மீன் மிஞ்சியது.

"அஞ்சு மிச்சம். குருசடிக்கு அந்தப் பக்கம் கெடக்க கெழவிக்குக் குடுக்கேன்" என்றாள் பிரகாசி.

"பங்கு வைக்க இவளத்தான் கூப்பிடுவோம். ஒரு மீனு மாறாது" என்றாள் ஒருத்தி என்னிடம்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் கவுன் பொட்டலம். தெரசம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிரகாசி எண்ணுவாளா?" என்றேன்.

"எண்ணாம? எப்பளும் எண்ணுவா."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

தெரசம்மாள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "அன்னைக்கு கட்டுமரம் கடல்ல கெடந்துல்லா. ஆளு கடல்ல கெடக்கயில கரையில இருக்கவ எதயும் எண்ணப்பிடாது. ஆள, மரத்த, கல்லக்கூட. எண்ணுனா கடலும் எண்ணும்னு சொல்லுவாவ."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தெரசம்மா."

"கடல்ல கெடக்கயில அதப் பத்திப் பேசவும் பிடாது. பொறவு சொல்லலாம்னா, நீங்க உச்சைக்கு முன்னயே பெட்டியப் பூட்டிட்டுப் போயிருதிய. நிக்கவா செஞ்சிய?"

நாற்பது பிள்ளைகளின் "நெறய" என் காதில் அலையோடு சேர்ந்து வந்து வந்து போனது. அவர்களிடம் நான் கேட்டதெல்லாம் காலை வேளையில்.

"மத்த பிள்ளையள் எதாவது ஒளறி வைக்கும். இவ மட்டும் அப்பிடி இல்ல" என்று தெரசம்மாள் குரலைத் தணித்தாள். "போன மழக்காலத்துல மரம் எறங்கயில, சின்னப் பிள்ளல்லா, வெளயாட்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆளுவள எண்ணிட்டா. அன்னைக்கு எனக்க தம்பி சூசை திரும்பி வரல. யாரும் அவளக் குத்தஞ் சொல்லல வாத்திச்சியம்மா. அவளாத்தான் வாயப் பூட்டிக்கிட்டா. மரம் கரை புடிச்சாத்தான் பேச்சே வரும்."

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் சொல்லுக்கும் உலகத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. கோபத்தில் 'போ' என்று சொன்ன பிறகு யாராவது போய்விட்டால், தான் சொன்னதால்தான் போனார்கள் என்று நம்பும். இதை நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். படத்தின்மேல் அவள் கை வைத்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவள் அந்த ஐந்து பேரையும் என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரசம்மாளுக்குச் சொன்னேன். மந்த புத்தி என்ற சொல்லையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. பெருவிரலைச் சேலையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

திங்கள் காலை மோட்டார் தூசி கிளப்பிக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால். சீமையம்மா வெள்ளைச் சேலையும் காலில் பூட்சுமாக மணலில் இறங்கி வந்தார். மரங்கள் விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தன. தொலைவில் கடலும் வானமும் ஒரே பால் நிறம்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் தமிழ் எனக்கே கோணலாகக் கேட்டது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உன்னை நம்புகிறேன். ஆனால் கைநாட்டு விழுந்துவிட்டது. கமிட்டிக்கு வெறும் நம்பிக்கையைக் கொண்டுபோக முடியாது. அவள் என் முன்னால் ஐந்து வரை எண்ணட்டும். இந்த இடத்திலேயே காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போகிறேன்."

நியாயமான பேச்சு. ஐந்து வரை எண்ண எத்தனை நொடி ஆகும்? தெரசம்மாள் மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"எண்ணிரு மக்கா. அஞ்சு வரைக்குந்தானே. பாவம் எனக்க தலையில விழட்டும். எண்ணிரு, எனக்க பொன்னு."

பிரகாசி அம்மாவைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். அந்தக் காகிதம் தன்னை எங்கோ கொண்டுபோகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை மேலே தூக்கினாள். கடலைப் பார்த்தபடியே சுண்டுவிரலை மடக்கப் போனாள்.

நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்கு ஒழுங்காக எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். ஒரு யோசனைதான் தெளிவாக இருந்தது. இவள் இப்போது எண்ணிவிட்டு, இன்றைக்கு ஒரு மரம் கொஞ்சம் பிந்தினாலும் போதும். எந்த விடுதியும் எந்தப் பள்ளியும் இந்தப் பிள்ளையைத் திரும்பப் பேச வைக்க முடியாது. எண்ணாவிட்டால் இன்றே மோட்டாரில் ஏற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருந்தது இந்த விரல் மட்டும்.

"வேண்டாம், அம்மா. எண்ண வேண்டாம். தப்பு என்னுடையது, அவள் அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். மரங்கள் வரும்வரை பொறுங்கள். இல்லையென்றால் பிள்ளையில்லாமல் போங்கள். கமிட்டி முன்னால் நான் வந்து நிற்கிறேன்."

"உன்னை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை."

"தெரியும், அம்மா."

அப்பாவின் தலைத்துணிக்குள் மடித்திருந்த காகிதம் நினைவுக்கு வந்தது. கையை விடவில்லை.

சீமையம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மணலில் கிடந்த ஒரு பழைய மரத்துண்டில் உட்கார்ந்து, பூட்சைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

"சரி. எத்தனை மணிக்கு வரும்?"

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அதையும் கேட்கக் கூடாது, அம்மா" என்றேன்.

"வேறு என்னதான் கேட்கலாம் இந்த ஊரில்?"

தெரசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கஞ்சி இருக்கான்னு கேக்கலாம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீமையம்மாவும் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். சுட்ட கருவாட்டோடு கஞ்சி வந்தது. குடித்தார்.

அந்தக் காத்திருப்புதான் எனக்கு அடிக்கடி கனவில் வருகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் ஏறியது. கருமணலிலிருந்து ஆவி எழுந்து எல்லாம் நெளிந்தது. மோட்டார், குருசடி, பெண்கள், யாவும் தண்ணீருக்கடியில் இருப்பது போல. பிரகாசியின் கை என் கைக்குள் வியர்த்து, பிறகு தளர்ந்து, தூங்கும் பிள்ளையின் கை போல ஆனது. ஆனால் அவள் கண் மூடவில்லை. சீமையம்மா எதுவும் கேட்கவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கிற திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல்காற்று திரும்பியது. பால் நிறத்துக்குள்ளிருந்து ஒரு பாய் மெதுவாகப் பிரிந்து வந்தது. அது அசைவதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு தடவை கண் இமைத்த பிறகும் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். பின்னால் இன்னொன்று. இன்னொன்று. தெரசம்மாள் வீட்டு வரிசைக்கு நாலு மரம். மூன்று கரை பிடித்துவிட்டன. நாலாவது தெரியவில்லை.

உச்சி தாண்டியது. யாரும் அசையவில்லை. பிரகாசியின் கை மறுபடி இறுகியது. நான் மட்டும் அவளை எண்ண விட்டிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இதை எழுதும்போதும் விடவில்லை.

பிறகு குருசடிப் பக்கமிருந்து ஒரு கூவல். நாலாவது மரம் மேற்கே ஒதுங்கி, கிழிந்த பாயோடு, துடுப்புப் போட்டு வந்துகொண்டிருந்தது. அலை அதைத் தூக்கி மணலில் வைத்தது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் பிரகாசியின் அப்பா.

பிரகாசி என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஈர மணலில் நின்றாள். யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மரமாகக் கையை நீட்டி, உரக்க எண்ணத் தொடங்கினாள். முதல் மரத்து மூன்று பேர். இரண்டாவதிலும் மூன்று. மூன்றாவதிலும் மூன்று. "ஒம்பது" என்றாள். கடைசி மரத்துக்கு வந்தாள். "பத்து. பதினொண்ணு." கொஞ்சம் நின்றாள். மரத்தின் பின்பக்கம் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "பன்னெண்டு" என்று சொல்லி விரலை மடக்கினாள்.

சீமையம்மா என் பக்கம் திரும்பினார். "பதினொரு பேர்தானே?"

"அது எனக்க தம்பிக்க எடம்" என்றாள் தெரசம்மாள்.

சீமையம்மா பையிலிருந்து பிரகாசியின் மதிப்புத் தாளையும் பேனாவையும் எடுத்தார். எடுத்துவிட்டு எழுதாமல் என்னிடம் நீட்டினார். "நீயே எழுது. என்ன எழுதுவாய்?"

'பன்னிரண்டு. சரி' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றுதான் அப்பாவின் தலைத்துணிக்குள் இருக்கத் தகுந்தது என்று இப்போது நினைக்கிறேன். சம்மதக் காகிதத்தைச் சீமையம்மா நாலாகக் கிழித்துத் தெரசம்மாள் கையில் கொடுத்தார்.

மோட்டாரில் ஏறியபின் கதவைச் சாத்தாமல் கேட்டார். "மீதிப் பிள்ளைகளின் தாள்கள்?"

ஒரு பிள்ளையின் தாளைத் திருத்துவது ஒரு வரி வேலை. எல்லாத் தாளும் தப்பென்றால் என் ஒரு வருட வேலையும் தப்பு. பொய் சொல்லக்கூட வேண்டாம், பேசாமல் நின்றாலே போதும் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும், அம்மா. மாலையில்."

"அப்படியானால் உன் உத்தரவு ஒரு வருடம் பிந்தும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சொன்னபடியே பிந்தியது.

நீங்கள் வேலைக்குப் போகும் ஊர்களில் என்ன வழக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை இந்தப் பெட்டியும் சொல்லாது. ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால் பூஜ்யம் எழுதுமுன் அந்த ஊரில் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். திரும்பும் பஸ்ஸை விட்டுவிடுங்கள். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்ட பெண் என்ன பாடுபடுவாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுவிடுங்கள். அம்மாமாரிடம் நீட்டும் காகிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு மையை எடுங்கள்.

மறு தடவை மாலையில் எடுத்த தாள்களை வைத்துத்தான் அந்தக் குப்பத்துக்குக் கமிட்டி பள்ளி கொடுத்தது. ஓலைக் கூரை, ஒரு கரும்பலகை. கால அட்டவணை எழுதும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். காலையில் பாட்டும் எழுத்தும், கணக்கு கடைசி மணியில், என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

போன மாதம் விடைபெற்றுக்கொள்ள அங்கே போயிருந்தேன். காலை நேரம். புதிதாக வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் ஒருவர் கோட்டும் தொப்பியுமாக உள்ளே நுழைந்து, பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்?" என்று கம்பீரமாகக் கேட்டார்.

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ஆசிரியை என்னைப் பார்த்தாள். நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதில் என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

பின் வரிசையிலிருந்து பிரகாசி எழுந்தாள். இப்போது நல்ல உயரம். ஒரு தடவை ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள்.

"சார், செத்த இரியுங்க. மரம் கரை புடிக்கட்டும். உச்சைக்கு மேல சொல்லுதோம்" என்றாள்.